போர்டில் இருக்கும் கேம்பஸ் வேறு, பிள்ளை படிக்கும் கேம்பஸ் வேறு: நைரோபிக்கு வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நைரோபிக்கு மாற்றலாகி வரப்போகிறவர்கள், அதிலும் ஆறாவதுக்கு மேல் படிக்கிற பிள்ளையோடு வருகிறவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிட்டு அப்புறம் அட்மிஷன் ஃபாரத்தில் கையெழுத்துப் போடுங்கள். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். எங்கள் பணம் ஒன்றரை லட்சம் ஷில்லிங் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது, அது கைக்கு வரும்வரை பெயரை எங்கேயும் எழுதாதே என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

2023 ஜூலையில் கோவையிலிருந்து வந்தோம். கணவருக்கு மொம்பாசா ரோடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, வீடு கிலேலேஷ்வாவில். பையன் கவின் ஏழாவது முடித்து எட்டாவதில் ஒன்றரை மாதம் உட்கார்ந்திருந்தான். இங்கே பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகளில் வருடம் செப்டம்பரில் தொடங்குகிறது, மூன்று டெர்ம், வகுப்பை வயதை வைத்துத்தான் போடுவார்கள். ஆகஸ்ட் 31க்குள் 13 வயது முடிந்திருந்தால் இயர் 9. அதாவது நம் எட்டாவதுதான் இவர்களுக்கு இயர் 9. ஊரில் மாமியார் பையனுக்கு டபுள் ப்ரமோஷன் கிடைத்துவிட்டது என்று நினைத்துத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், அவரைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

பிரிட்டிஷ் பள்ளி எதற்கு என்று கேட்பீர்கள். மூன்று நான்கு வருடத்தில் ஊருக்குத் திரும்பினால், இயர் 11 முடிவில் எழுதுகிற ஐஜிசிஎஸ்இ பரீட்சையின் சான்றிதழை வைத்துப் பதினொன்றாவது சேரலாம், ஐந்து பாடங்களில் சி கிரேடுக்குக் குறையாமல் இருந்தால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதைப் பத்தாவதுக்குச் சமமாக எடுத்துக்கொள்கிறது, வேறு நாட்டுக்கு மாற்றல் வந்தாலும் அதே பாடத்தைத் தொடரலாம். கணக்கு சரிதான். பள்ளியைத் தேர்ந்தெடுத்ததில்தான் கோட்டை விட்டோம்.

கையில் ஆறு வாரம்தான் இருந்தது. பேர்பெற்ற பழைய பள்ளிகள் சிலவற்றில் இடமில்லை, வெயிட்டிங் லிஸ்ட். சிலவற்றில் ஃபீஸ் கம்பெனி தருகிற உச்சவரம்பைப் போல ஒன்றரை மடங்கு. கேரன் என்ற பகுதியில் ஒன்று பிடித்திருந்தது, ஆனால் காலையில் பஸ் 5.50க்கு வாசலில் நிற்கும் என்றார்கள். நைரோபி டிராஃபிக்கைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் நின்றதுதான் இந்தப் பள்ளி. ஒரு குழுமம், அவர்களுக்கு நகரத்தின் இன்னொரு பக்கம் பல வருடமாக நல்ல பெயரோடு ஒரு கேம்பஸ் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் புதிதாக இன்னொன்று திறந்திருந்தார்கள். பளபளவென்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள், அதில் வரிசையாக முத்திரைகள். ஐஜிசிஎஸ்இ நடத்துகிற வாரியங்களில் ஒன்றான கேம்பிரிட்ஜின் அங்கீகாரம். வெளிநாட்டில் உள்ள பிரிட்டிஷ் பள்ளிகளுக்கு இங்கிலாந்துக் கல்வித் துறை நடத்துகிற ஆய்வுத் திட்டம் ஒன்று உண்டு, பிஎஸ்ஓ என்பார்கள், அதிலும் தேறியதாகப் போட்டிருந்தது.

அட்மிஷன் பார்க்கிற பெண் தேன் ஒழுகப் பேசினார். "கரிபு சானா, மாமா கவின்!" என்று வரவேற்றபோது முதலில் நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன், எந்த மாமா வந்திருக்கிறார் என்று. இங்கே அம்மாவைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஓப்பன் டே அன்று எங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிப் பழைய கேம்பஸுக்குக் கூட்டிப் போனார்கள். புது இடத்தில் பெயின்ட் வேலை நடக்கிறதாம், குழந்தைகளுக்கு வாடை ஒத்துக்காதாம். என்ன அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்! மூன்று லேப், நீச்சல் குளம், களிமண் சுடுகிற சூளையோடு ஓவிய அறை. கவின் அந்த ஓவிய அறையை விட்டு வரவே மாட்டேன் என்றான். அவனுக்கு ஐந்து வயதிலிருந்து பென்சில்தான் உலகம். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அன்று மாலையே விண்ணப்பக் கட்டணம் பத்தாயிரத்தைக் கைபேசியிலேயே எம்-பெசாவில் தட்டிவிட்டோம்.

அப்புறம் பதிவுக் கட்டணம் ஒரு லட்சம், திரும்ப வராது. காஷன் டெபாசிட் ஒன்றரை லட்சம், இது போகும்போது திரும்ப வரும், வட்டி இல்லை. டெர்முக்கு ஃபீஸ் நாலே முக்கால் லட்சம், பஸ் தனி, சாப்பாடு தனி, பிளேசர் டை சமாசாரம் முப்பத்தெட்டாயிரம். டெர்ம் ஃபீஸைக் கம்பெனி கட்டிவிடும் என்பதால் நாங்கள் அதிகம் கேள்வி கேட்கவில்லை. இப்போது யோசித்தால், வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்களில் பாதிப்பேரின் கதை இதுதான் என்று தோன்றுகிறது. சொந்தக் காசில் வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம், கம்பெனி காசில் பள்ளிக்கூடம் வாங்கும்போது அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.

முதல் வருடத்தைக் குறை சொன்னால் பாவம். இங்கிலீஷ் டீச்சர் அருமையானவர். ஓவிய ஆசிரியர் ஒரு கென்யப் பையன், இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும், கவினுக்குக் கரிக்கோலைப் பிடிப்பதையே மறுபடி சொல்லிக்கொடுத்தார். லேப் மட்டும் 'அடுத்த டெர்ம்' என்று தள்ளிக்கொண்டே போனது. பிரின்சிபால் மாறினார், இன்னொருவர் வந்தார், அவரும் மாறினார். இயர் 9 முடிவில் பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதுதான் ஐஜிசிஎஸ்இயின் இரண்டு வருடத்துக்கு. கவின் ஓவியமும் வடிவமைப்பும் எடுத்தான், பள்ளியும் சரி என்று எழுதிக் கொடுத்தது.

2025 பிப்ரவரியில்தான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் அபார்ட்மென்டில் ஒரு குஜராத்தி குடும்பம், தாத்தா காலத்திலிருந்து கென்யாக்காரர்கள். அவர்கள் பெண் அதே கேம்பஸில் இயர் 11, அதாவது அந்த இடத்தின் முதல் பேட்ச். மே, ஜூன் பரீட்சைக்குப் பெயர் பதிவான தாள் வந்திருந்தது. அதில் சென்டர் என்ற இடத்தில் எங்கள் பள்ளியே இல்லை! சம்பந்தமே இல்லாத வேறொரு சென்டரில், பிரைவேட் கேன்டிடேட்டாக. பரீட்சைச் செலவுக்குத் தனியாகத் தொண்ணூறாயிரத்துச் சொச்சம் பில். அந்த அம்மா தாளை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். கேம்பிரிட்ஜ் தன் இணையதளத்தில் எந்த ஊரில் எந்தப் பள்ளி என்று தேடிப் பார்க்க இடம் வைத்திருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் தளத்தில் பிஎஸ்ஓ ஆய்வில் தேறிய பள்ளிகளின் பட்டியல் இருக்கிறது, ஆய்வு அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், அதிலேயே எந்த முகவரி, எந்த வயதுப் பிள்ளைகள் என்று போட்டிருக்கும். ஐஜிசிஎஸ்இ நடத்துகிற பள்ளி என்று தேடினாலும், பிஎஸ்ஓ பட்டியலில் தேடினாலும் இருந்தது பழைய கேம்பஸ் மட்டும்தான். எங்கள் கேம்பஸுக்குக் கேம்பிரிட்ஜில் கிடைத்திருந்தது தொடக்க வகுப்புகளுக்கும் இயர் 9 வரைக்குமான அனுமதிதான் என்று பிறகு அவர்கள் வாயாலேயே கேட்டேன். அதற்கு மேல் நடத்த அனுமதி தனி, பரீட்சை நடத்துகிற சென்டர் எண் தனி. என் பையன் இயர் 10 படித்துக்கொண்டிருந்தான், ஆகாயத்தில்.

சரி, பிரைவேட்டாக எழுதினால் என்ன, பேப்பர் ஒன்றுதானே என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. இயற்பியல், வேதியியல் மாதிரிப் பாடங்களில் லேப் தேர்வுக்குப் பதிலாக எழுத்துத் தேர்வு ஒன்றும் உண்டு, நல்ல பள்ளிகளே அதைத்தான் எடுக்கின்றன, அதைப் பெரிய குற்றமாக நான் சொல்ல மாட்டேன். ஓவியம் அப்படியில்லை. அதில் ஒரு பங்கு கோர்ஸ்வொர்க், பிள்ளை மாதக்கணக்கில் வரைந்து சேர்க்கிற வேலை. இது இந்தப் பிள்ளை என் கண் முன்னால் செய்தது என்று ஆசிரியர் உறுதி சொல்ல வேண்டும், சென்டர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும். முகம் தெரியாத பிள்ளைக்கு எந்த சென்டர் பொறுப்பேற்கும்? அந்த வாரமே ஒரு கடிதம் வந்தது, ஓவியம் எடுத்தவர்கள் எல்லோரும் பிசினஸ் ஸ்டடீஸுக்கு மாற்றப்படுகிறார்கள், புத்தகத்துக்கு இவ்வளவு என்று. ஐந்தாறு மாதம் வரைந்த ஃபைலைக் கவின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாவது பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தோம். புத்தகத்தில் போட்ட முத்திரை பழைய கேம்பஸுடையது என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்று கேட்டேன். போலே சானா என்றார், ரொம்ப வருந்துகிறேன் என்று அர்த்தம், அந்த அரை மணி நேரத்தில் ஏழெட்டுத் தடவையாவது சொல்லியிருப்பார். நாங்கள் ஒரே குடும்பம்தானே, அவர்களுக்குக் கிடைத்தது எங்களுக்கும் கிடைத்த மாதிரிதான் என்றார். பெரியப்பா ரேஷன் கார்டில் நான் போய் அரிசி வாங்க முடியுமா என்று கேட்க நாக்கு வரை வந்துவிட்டது, அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன். அனுமதி அடுத்த வருடம் வந்துவிடும் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். போலே சானா.

வீட்டுக்காரர் ஆபீஸில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் இருக்கிறார். அவரிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாராம். பிரிட்டிஷ் கரிக்குலம் என்று ஒன்றே கிடையாது, நீங்கள் சொல்வது இங்கிலாந்தின் பாடத்திட்டம், எங்கள் ஊரில் வேறு என்றாராம். அதாவது அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதலாம், கேட்பாரில்லை. கேட்கக்கூடியது சென்டர் எண் ஒன்றுதான். கென்யாவில் கேம்பிரிட்ஜ் சென்டர் எண் கேஇ என்று தொடங்கும். உங்கள் பிள்ளை உட்காரப்போகிற கட்டடத்துக்கு அது இருக்கிறதா, எந்த வகுப்பு வரைக்கும் அனுமதி, போன வருடம் இயர் 11 பிள்ளைகள் எந்த அறையில் பரீட்சை எழுதினார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேல் யோசித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஓப்பன் டேக்குப் போகாதீர்கள், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கள். வாசலில் நிற்கிற அஸ்காரியிடம் பேச்சுக் கொடுங்கள். எங்கள் பள்ளி காவலாளியிடம் லேப் எப்போது முடியும் என்று நான் கேட்டது 2025 மார்ச்சில். எந்த லேப் என்று திருப்பிக் கேட்டார்.

இன்னொரு பள்ளியில் இடம் கிடைத்தது, ஆனால் பாதியில் சேர்க்க மாட்டார்கள். அங்கே பரீட்சை நடத்துகிற வாரியம் வேறு, எடெக்செல். சிலபஸ் வேறு, பாடச் சேர்க்கை வேறு. செப்டம்பரில் மறுபடி இயர் 10 என்றார்கள். ஒரு வருடம் போயிற்று. அங்கே ஓவியம் உண்டு, கவின் அதற்காகவே தலையாட்டினான், கூட உட்காருகிற பிள்ளைகள் எல்லாம் ஒரு வயது சின்னவர்கள் என்பதைப் பற்றி இதுவரை என்னிடம் பேசவில்லை.

அடுத்தது டெபாசிட். விலகுவதற்கு ஒரு டெர்ம் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், இல்லையென்றால் ஒரு டெர்ம் ஃபீஸ் கட்ட வேண்டும் என்பது இங்கே வழக்கமான நிபந்தனை. ஜூலையோடு நிறுத்துகிறோம் என்று பிப்ரவரி கடைசியிலேயே மின்னஞ்சல் அனுப்பினேன், கிடைத்தது என்று பதிலும் வந்தது. ஜூலையில் டெபாசிட்டைக் கேட்டால், மின்னஞ்சல் நோட்டீஸ் ஆகாதாம், பள்ளி அலுவலகத்தில் தருகிற படிவத்தில் கையெழுத்திட்டு பிரின்சிபாலிடம் கொடுத்தால்தான் நோட்டீஸாம். ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது, பார்த்தேன். அப்படி ஒரு படிவம் இருப்பதை பிப்ரவரியில் பதில் போட்ட புண்ணியவதி சொல்லவில்லை. நாங்கள் படிவம் கொடுத்தது மே மாதம், அதாவது கடைசி டெர்ம் தொடங்கிய பிறகு. ஆகவே டெபாசிட்டைக் கழித்துக்கொண்டு மீதி மூன்றே கால் லட்சத்தை நாங்கள்தான் அவர்களுக்குத் தர வேண்டுமாம்!

இங்கே சிறு வழக்கு நீதிமன்றம் என்று ஒன்று 2021லிருந்து இயங்குகிறது, பத்து லட்சம் ஷில்லிங் வரைக்குமான வழக்கை எடுக்கும், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, 60 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம். அந்தக் குஜராத்தி அம்மாதான் சொன்னார், அவர்களும் போகத் தயார். மின்னஞ்சல்கள், பதில், அந்தப் பளபளப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். மீதி மூன்றே கால் லட்சத்தைப் பற்றி, அனுமதியில்லாத வகுப்புக்கு வாங்கிய ஃபீஸை முதலில் பேசுவோமா என்று கேட்டு எழுதியதிலிருந்து அவர்கள் அதைப் பேசுவதில்லை.

பதினொன்றாவது மின்னஞ்சலைப் போன வியாழக்கிழமை அனுப்பினேன். நிதித் துறையின் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறோம், தயவுசெய்து பொறுத்திருங்கள், போலே சானா என்று பதில் வந்திருக்கிறது. அந்த நிதித் துறை எனக்குத் தெரியும். வரவேற்பறைக்கு அடுத்த கதவு, உள்ளே ஒரு மேஜை.