புல்பப்பா, வழக்கமான ரைபிளா? ராணுவத்துக்கு எது சரிப்படும்

துப்பாக்கி பத்தி பேச்சு எடுத்தாலே புல்பப் தான் பெஸ்ட்னு ஒரு கூட்டம், அதெல்லாம் வேஸ்ட்டுனு இன்னொரு கூட்டம் வந்து நிக்கும். என் கருத்த முதல்லயே சொல்லிடறேன். புல்பப் தப்பான ஐடியா கிடையாது, 1970கள்ல ராணுவங்களுக்கு இருந்த ஒரு பிரச்சனைக்கு ரொம்ப சரியான தீர்வு. ஆனா அந்த பிரச்சனை இப்போ பெருசா இல்ல, புல்பப்போட குறைகள் மட்டும் அப்படியே இருக்கு.

புதுசா படிக்கறவங்களுக்காக: வழக்கமான ரைபிள்ல தோட்டா அடைச்சு வைக்கிற மேகசினும் குண்டு வெடிக்கிற சேம்பரும் ட்ரிகருக்கு முன்னாடி இருக்கும். புல்பப்ல அது ரெண்டும் ட்ரிகருக்கு பின்னாடி, தோள்ல வைக்கிற கட்டைக்குள்ளயே போயிடும். அதனால பேரல் நீளத்த குறைக்காமலே மொத்த நீளம் குறையுது.

எவ்ளோ குறையுதுனு பாருங்க. ஆஸ்திரியாவோட புல்பப் ஸ்டெயர் ஆக், 1977ல அந்த நாட்டு ராணுவம் எடுத்தது, பேரல் 508 மில்லிமீட்டர், மொத்த நீளம் 790. அமெரிக்காவோட வழக்கமான ரைபிள் எம்16ஏ2வுக்கும் அதே 508 பேரல் தான், ஆனா மொத்த நீளம் ஒரு மீட்டர தாண்டிடும். சரி அதோட குட்டை வடிவமான எம்4 சின்னது தானேன்னு கேப்பீங்க, கட்டைய முழுசா இழுத்தா அது 838, பேரல் வெறும் 368. அதாவது ஆக் எம்4ஐ விட குட்டையாவும் இருக்கு, பேரல் 14 சென்டிமீட்டர் நீளமாவும் இருக்கு.

இது ஏன் முக்கியம்னா இந்த ரைபிள்கள் சுடற 5.56 மில்லிமீட்டர் குண்டு ரொம்ப சின்னது, அதோட பலமே வேகம் தான், பேரல் குறைஞ்சா நொடிக்கு 40லேர்ந்து 60 மீட்டர் வரைக்கும் வேகம் போயிடும், தூரத்துல அடிக்கும்போது அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். அந்த காலகட்டத்துல ஐரோப்பிய ராணுவங்கள் சிப்பாய்கள கவச வண்டிக்குள்ள அடைச்சு போருக்கு கூட்டிட்டு போக தயாராயிட்டு இருந்தாங்க, வண்டிக்குள்ளயும் மாட்டாம, வெளிய குதிச்சா 300 மீட்டருக்கும் சுடற மாதிரி ஒண்ணு வேணும். ஆக், 1978ல பிரான்ஸ் எடுத்த ஃபாமாஸ், 1985ல பிரிட்டன் எடுத்த எல்85 மூணுமே எட்டு வருஷத்துக்குள்ள வந்தது தற்செயல் இல்ல.

இப்போ குறைகள். முதல்ல மேகசின் மாத்தறது. எம்4ல வலது கை ஆள்காட்டி விரல் பட்டன அமுக்கும், காலி மேகசின் கீழ விழும், இடது கை புதுச கொண்டு வந்து முன்னாடி சொருகும், கண்ணு எதிரிய விட்டு நகரவே வேண்டாம். புல்பப்ல அந்த இடது கை அக்குள் கிட்ட வரைக்கும் பின்னாடி போகணும், மேகசின் வாய் கண்ணுக்கு தெரியாது, குண்டு துளைக்காத தகடும் பவுச்சும் மாட்டிட்டு குப்புற படுத்திருக்கறவன் அத செய்யறது இன்னும் கஷ்டம். பயிற்சி கொடுத்தா வேகமா பண்ணிடலாம்னு சொல்வாங்க, உண்மை தான், ஆனா அதே அளவு பயிற்சிய எம்4ல கொடுத்தா அவன் இன்னும் வேகமா பண்ணுவானே.

ரெண்டாவது, எனக்கு இது தான் பெரிய விஷயம், இடது தோள். புல்பப்ல காலி தோட்டா வெளிய வர்ற ஓட்டை கன்னத்துக்கு பக்கத்துலயே இருக்கு, தோள மாத்தினா சூடான தோட்டா மூஞ்சில தான் அடிக்கும். எல்85ல வலது பக்கம் இருக்கற காக்கிங் ஹேண்டிலும் (முதல் தோட்டாவ ஏத்த இழுக்கற கைப்பிடி) சுடும்போது முன்ன பின்ன ஓடும், அதனால பிரிட்டன்ல இடது கைக்காரங்களுக்கும் வலது தோள்ல சுடவே சொல்லி கொடுக்கறாங்க. ஆக்ல, இஸ்ரேலோட டாவோர் புல்பப்ல இடது பக்கத்துக்கு மாத்திக்கலாம், ஆனா துப்பாக்கிய பிரிச்சு போல்ட்ட மாத்தணும், நடு சண்டைல முடியாது. ஒரு கட்டடத்துக்குள்ள இடது பக்க மூலைய தாண்டி எட்டி பாக்கணும்னா இடது தோள்ல வச்சா உடம்பு மறைஞ்சு இருக்கும், வலது தோள்ல வச்சா பாதி உடம்பு வெளிய தெரியும். உயிர் சம்பந்தப்பட்ட வித்தியாசம் இது. பெல்ஜியத்தோட எஃப்2000 புல்பப் காலி தோட்டாவ முன்பக்கமா தள்ளி இத தீர்த்துச்சு, ஆனா மெக்கானிசம் சிக்கலாச்சு, பெரிய ராணுவங்கள் யாரும் அத பொது ரைபிளா எடுக்கல.

ட்ரிகர் பத்தி சுருக்கமா: முன்னாடி இருக்கற ட்ரிகர் பின்னாடி இருக்கற சுத்தியல ஒரு நீள கம்பி வழியா இழுக்கணும், அதனால கொஞ்சம் கொழகொழன்னு இருக்கும். சாதாரண சிப்பாய்க்கு இது பெரிய குறை இல்ல.

எல்85 மேல இருக்கற கெட்ட பேர மட்டும் புல்பப் தலைல கட்டாதீங்க. 1991 வளைகுடா போர்ல அது மணல்ல ஜாம் ஆச்சு, மேகசின் தானா கழண்டு விழுந்துச்சு, எல்லாம் உண்மை, ஆனா அது பாகங்கள் செஞ்ச லட்சணத்தோட குறை. ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனி உள் பாகங்கள மாத்தி 2002 வாக்குல எல்85ஏ2வா கொடுத்த அப்புறம் அதே புல்பப் அமைப்பு ஆப்கானிஸ்தான்ல நல்லாவே ஓடுச்சு.

அப்போ ஏன் எல்லாரும் விடறாங்க? பிரான்ஸ் 2016ல ஃபாமாஸுக்கு பதிலா எச்கே416ங்கற வழக்கமான ரைபிள எடுத்துச்சு, பேரல் 488லேர்ந்து சுமார் 368க்கு குறைஞ்சத பத்தி கவலைப்படல. நியூசிலாந்தும் ஸ்டெயர விட்டுட்டு ஏஆர் வகைக்கு (எம்16, எம்4 குடும்பம்) போயிடுச்சு. சீனா க்யூபிஇசட்-95ன்னு சொந்த புல்பப் வச்சிருந்தும் 2019 அக்டோபர் 1 அணிவகுப்புல க்யூபிஇசட்-191ன்னு வழக்கமான டிசைன காட்டுச்சு. அமெரிக்காவோட புது ரைபிள் போட்டில ஆர்எம்277ன்னு ஒரு புல்பப் கடைசி வரைக்கும் வந்துச்சு, 2022ல சிக் கம்பெனியோட வழக்கமான ரைபிள் தான் ஜெயிச்சுது.

காரணம் பல. அமெரிக்க ராணுவத்தோட எம்855ஏ1 மாதிரி தோட்டாக்கள் சின்ன பேரலுக்காகவே வடிவமைச்சது, அதனால நீள பேரலோட லாபம் குறைஞ்சிடுச்சு. கவச உடை தடியாயிடுச்சு, கட்டைய ரெண்டு மூணு கிளிக் உள்ள தள்ளினா தான் தோள்ல சரியா உக்காரும், பெரும்பாலான புல்பப்ல கட்டைக்குள்ளயே மெஷின் இருக்கறதால நீளத்த அப்படி சுலபமா மாத்த முடியாது. சப்ரஸர் (சத்தத்த குறைக்க பேரல் முனைல மாட்டற குழாய்) விஷயத்துல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, நீளத்துக்கு நீளம் பாத்தா சப்ரஸர் மாட்டறதுக்கு புல்பப் தான் அருமை, ஆனா சப்ரஸர் மாட்டினா பின்னாடி திரும்பி வர்ற புகை எங்க வரும், கன்னத்துக்கு கீழ.

விடாதவங்களும் இருக்காங்க. ஆஸ்திரேலியா லித்கோ தொழிற்சாலைல ஸ்டெயர மேம்படுத்தி இஎஃப்88ஆ செய்யுது. சிங்கப்பூர் தன்னோட எஸ்ஏஆர்-21 புல்பப்ப, சேம்பர் வெடிச்சா சுடறவன காப்பாத்த கன்னம் படற இடத்துல கெவ்லார் தகடு வச்சே செஞ்சாங்க. இந்த மாதிரி சொந்தமா தயாரிச்சு, வர்றவங்க எல்லாருக்கும் முதல் நாள்லேர்ந்தே அதுல பயிற்சி கொடுத்து, கவச வண்டில தான் பெரும்பாலும் போகப் போற படைக்கு மாத்தணும்னு எந்த அவசரமும் இல்ல. ஆனா இன்னைக்கு புதுசா டெண்டர் விடற நாடா இருந்தா, சின்ன பேரல், நீளம் மாத்தற கட்டை, ரெண்டு தோள்லயும் சுடலாம், உதிரி பாகம் பத்து கம்பெனி கிட்ட கிடைக்கும்னு இருக்கற வழக்கமான ரைபிள விட்டுட்டு புல்பப் வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியல.