திருகோணமலைப் பேருந்துகளின் பெயர்ப் பலகைகள்: பார்வை குன்றியவருடன் ஒரு பயணம்

திருகோணமலை மத்திய பேருந்து நிலையத்துக்குள் நின்று ஏறுபவருக்குப் பேருந்து போகும் ஊரைக் காட்டும் பெயர்ப் பலகை அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. "கிண்ணியா, மூதூர், மூதூர்" என்றும் "நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை" என்றும் நடத்துநர்கள் வாசலில் நின்று விடாமல் கூப்பிடுகிறார்கள். கண் தெரியாதவரும் குரல் வரும் பக்கமாக நடந்து சரியான பேருந்தில் ஏறிவிடலாம். இம்முறை லண்டனிலிருந்து ஊருக்குப் போனபோது, நீரிழிவால் இரண்டு கண்களிலும் விழித்திரை பாதிக்கப்பட்ட பெரியம்மாவுடன் பெரும்பாலும் பேருந்திலேயே பயணம் செய்தேன். நிலையத்துக்குள் அவருக்கு என் துணை தேவைப்படவில்லை. வீதியோரத் தரிப்பிடங்களில்தான் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது.

பெரியம்மா கண்டி வீதியோரமாகத்தான் குடியிருக்கிறார்; மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது மூதூரில். கிண்ணியா, மூதூர், மட்டக்களப்பு, கந்தளாய், கண்டி, கொழும்பு என்று எத்தனையோ ஊர்களுக்குப் போகும் பேருந்துகள் அந்த ஒரே வீதியால் வந்து, பிறகுதான் பிரிகின்றன. கிண்ணியாவோடு நின்றுவிடும் பேருந்தில் ஏறினால் அங்கே இறங்கி மறுபடியும் வெயிலில் காத்து நிற்க வேண்டும். கந்தளாய்ப் பேருந்தில் ஏறினால் போகும் திசையே மாறிவிடும். ஆகவே வருவது எந்தப் பேருந்து என்பதை, அது கடந்து போவதற்கு முன்பே அறிந்து கை காட்டியாக வேண்டும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பேருந்து ஒரு வினாடியில் ஏறத்தாழ 11 மீற்றர் ஓடுகிறது. பலகையை 50 மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்க முடிந்தாலும் வாசிப்பதற்கும் கை காட்டுவதற்குமாகக் கிடைப்பது நான்கு, ஐந்து வினாடிகள் மட்டுமே.

அந்த நான்கைந்து வினாடிகளை மின்னெழுத்துப் பலகைகள் எப்படி வீணாக்குகின்றன என்பதை ஒரு நண்பகலில் நன்றாகப் பார்த்தேன். கண்ணாடியின் மேற்பகுதியில் சிவப்பு எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. முதலில் சிங்களம், அடுத்து ஆங்கிலம், அதன் பிறகு வலப்பக்கத்திலிருந்து தமிழ் மெல்ல நகர்ந்து வந்தது. 'மூ' என்ற எழுத்து தெரிந்தபோதே பேருந்து எங்களைத் தாண்டிவிட்டது. கண்ணாடியில் ஒட்டியிருந்த படங்களும் குறுக்கே தொங்கிய பிளாஸ்டிக் பூமாலையும் போக, மிச்சத்தை உச்சி வெயில் மங்கடித்துவிட்டது. குறை இல்லாத என் கண்ணுக்கே இப்படியென்றால், காட்சியின் நடுவே கறுப்புத் திட்டுகள் மிதக்கும் பெரியம்மாவின் கண்ணுக்கு அசையும் எழுத்து எழுத்தாகவே தெரிவதில்லை. தனியாக நிற்கும் நாட்களில் வரும் பேருந்துகள் எல்லாவற்றுக்கும் கை காட்டுவதாகச் சொன்னார். "நிப்பாட்டிக் கேட்டால் சில பேர் ஏசிப்போட்டுப் போறாங்கள் தம்பி. என்ன செய்யிறது, எனக்கு ஊர்ப்பெயர் தெரிய வேணுமே" என்றார். எழுபது வயதைக் கடந்த ஒருவர் வீதியில் நின்று இப்படி ஏச்சு வாங்க நேர்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வர்ணத்தில் எழுதிய பழைய பலகை அவருக்கு இதைவிட எவ்வளவோ மேல். அது அசையாது, கறுப்பும் வெள்ளையுமாக இருந்தால் பேருந்து நின்ற பின்னராவது கிட்டப் போய் வாசித்துவிடுகிறார். அதற்கும் இரண்டு குறைகள் உண்டு. மூன்று மொழிகளும் ஒரே பலகையில் இடம்பிடிக்க வேண்டியிருப்பதால் எழுத்துகள் சிறுத்துவிடுகின்றன. அத்துடன் பலகையைச் சாரதிக்கு முன்னால் சாய்த்து வைக்கும்போது கண்ணாடியின் பளபளப்பு அதை மறைத்துவிடுகிறது.

மின்னெழுத்துப் பலகையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் அதுதான் பயன்படும். ஆனால் அதன் அமைப்பை நம் எழுத்துக்கு ஏற்றபடி தெரிவு செய்ய வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்தை ஏழு ஒளிப்புள்ளி உயரத்தில் தெளிவாகக் காட்டிவிடலாம். தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழிகளும் வருவதால் அந்த உயரம் ஒருபோதும் போதாது. 'மூதூர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: இரண்டு நெடில் சுழிகளும் கடைசி எழுத்தின் புள்ளியும் குறைந்த ஒளிப்புள்ளிகளுக்குள் நெருக்கப்படும்போது ஒன்றோடொன்று ஒட்டி வெறும் ஒளித்திட்டாகிவிடுகின்றன. சிங்கள எழுத்துக்கும் இதே சிக்கல்தான்.

பிரித்தானியாவில் இவற்றுக்கெல்லாம் அளவு குறித்த சட்டம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் வந்த பொதுச் சேவை வாகன அணுகல் விதிகளின்படி, 22 பேருக்கு மேல் ஏற்றும் வழித்தடப் பேருந்தின் முன்புறத்திலும் பின்புறத்திலும் வழித்தட இலக்கம் 200 மில்லிமீற்றர் உயரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முன்புறத்தில் ஊர்ப்பெயர் 125 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. ஏறும் வாசலுக்குப் பக்கத்திலும் இலக்கமும் ஊர்ப்பெயரும் 70 மில்லிமீற்றர் எழுத்தில், நிலத்திலிருந்து 1.2 மீற்றருக்கும் 2.5 மீற்றருக்கும் இடைப்பட்ட உயரத்தில், அதாவது நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டி, தெரிய வேண்டும். எழுத்து பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரிய வேண்டும், வெளிச்சம் இருக்க வேண்டும், பெயரை முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதக்கூடாது என்பதுவரை அந்த விதிகள் போகின்றன. பேருந்துக்காரர்களுக்கு மாறிக்கொள்ளத் தாராளமான அவகாசம் கொடுத்து, ஒற்றைத் தட்டுப் பேருந்துகளுக்கு 2016 இலும் இரட்டைத் தட்டுப் பேருந்துகளுக்கு 2017 இலும் முழுமையாகக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த தரிப்பிடத்தைக் குரலாலும் எழுத்தாலும் அறிவிக்க வேண்டும் என்ற விதிகள் 2023 இல்தான் வந்தன.

இவற்றுள் நம் ஊருக்கு உடனே பயன்படக்கூடியவை வழித்தட இலக்கமும் வாசலோரப் பலகையும் என்பது என் எண்ணம். இலக்கம் மூன்று மொழியினருக்கும் பொது. 49 என்றால் கொழும்பு–திருகோணமலைப் பேருந்து என்பது அந்த வழியால் போய்வருகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் கிட்டிய ஊர்களுக்குப் போகும் பேருந்துகளை நாங்கள் பெயர் சொல்லியே பழகிவிட்டோம். அவற்றிலும் இலக்கத்தை ஒரு சாண் உயரத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மொழி மாற்றிக் காட்டினால், தமிழ் வரும்வரை காத்திருக்க முடியாதவரும் இலக்கத்தைக் கொண்டு பேருந்தை அறிந்துகொள்வார். நடத்துநரின் கூப்பிடு குரலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லண்டனில் இயந்திரம் சொல்வதை இங்கே மனிதர் சொல்கிறார். நிலையத்தில் கேட்கும் அந்தக் குரல் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் கேட்டால் போதும். அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். "மூதூர் போறது அம்மா, மெதுவா ஏறுங்க" என்று இறங்கி வந்து கை கொடுத்த இளைஞர் ஒருவரைப் பெரியம்மா வழியெல்லாம் வாழ்த்திக்கொண்டு வந்தார். உயரமான படிகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அதைச் சீர்செய்ய வண்டியையே மாற்ற வேண்டியிருக்கும். பலகைக்கு அவ்வளவு செலவு இல்லை.

இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இலேயே வந்துவிட்டது. 2006 ஆம் ஆண்டின் அணுகல் ஒழுங்குவிதிகள் முதன்மையாகக் கட்டடங்களையும் பொது இடங்களையும் பற்றியவை. 2011 இல் உயர் நீதிமன்றமும் அவற்றை வலியுறுத்திக் கட்டளையிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை நாடு 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9 ஆம் உறுப்புரை போக்குவரத்தையும் தகவலையும் வெளிப்படையாகவே சொல்கிறது. எனவே பெரியம்மா கேட்பது யாருடைய தயவையும் அல்ல.

மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பேருந்துகளுக்கு வழித்தட அனுமதி வழங்குவது மாகாண அதிகார சபை. மாகாணம் விட்டு மாகாணம் போகும் பேருந்துகளுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. அனுமதியைப் புதுப்பிக்கும்போது பலகையின் அளவையும் ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். புறப்படுவதற்கு முன் பெரியம்மா சொல்லச் சொல்ல இதை ஒரு கடிதமாக எழுதினேன். எழுத்தின் உயரம், வாசலோரப் பலகையின் இடம், மொழி மாறும்போது இலக்கம் அசையாமல் நிற்க வேண்டும் என்பது ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. அந்தத் தரிப்பிடத்தில் வழமையாக நிற்கும் அயலவர்கள், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாக, அதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை மூதூரில் இருக்கும் மகள் ஏற்றிருக்கிறார்.