சுங்கை சிப்புட் வாசகர்களைப் பிரித்து வைத்த ‘ரெபெக்கா’

டாஃப்னி டு மோரியர் 1938-இல் வெளியிட்ட ‘ரெபெக்கா’ என்னும் ஆங்கில நாவலை, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கூடிப் படிக்கும் எங்கள் சிறு குழு அண்மையில் முடித்தது. காதலும் மர்மமும் கலந்த கதை என்ற அறிமுகத்தோடு கைக்கு வந்த இந்த நூலைப் போல எங்களிடையே கருத்து வேறுபாட்டைக் கிளப்பிய நூல் வேறொன்று எனக்கு நினைவில் இல்லை. சிலர் கீழே வைக்க மனமின்றி இரவெல்லாம் படித்தார்கள். சிலர் பாதி நூல் கடந்தும் ஒன்றும் நடக்கவில்லையே என்று சலித்துக்கொண்டார்கள். வேறு சிலர் கதை முழுவதையும் விரும்பிப் படித்துவிட்டு, அது யாருக்காக நம்மை மனமுருகச் செய்கிறது என்று எண்ணிப் பார்த்துக் கோபம் கொண்டார்கள். நான் முதல் சாராரைச் சேர்ந்தவன் என்றாலும், கோபப்பட்டவர்கள் சொன்னவற்றில்தான் இந்த நாவலைப் பற்றிய உண்மை மிகுதியாக இருக்கிறது என்று கருதுகிறேன். திருப்பங்களை மறைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க இயலாது. ஆகவே நூலைப் படிக்க எண்ணியிருப்பவர்கள் படித்து முடித்தபின் இந்தக் கட்டுரைக்கு வருவதே நல்லது.

கதையைச் சொல்பவள் இருபதை ஒட்டிய வயதுடைய ஏழைப் பெண். பணக்கார அமெரிக்க மாது ஒருத்திக்கு ஊதியத் துணையாக மாண்டி கார்லோவுக்கு வந்த இடத்தில், மனைவியை இழந்த, நாற்பதைக் கடந்த மாக்சிம் டி விண்டர் என்னும் செல்வந்தரைச் சந்தித்து, சில வாரங்களிலேயே அவரை மணந்து, இங்கிலாந்தில் உள்ள மாண்டர்லி என்னும் அவருடைய பெரும் மாளிகைக்கு இரண்டாம் மனைவியாக வந்து சேர்கிறாள். முதல் மனைவி ரெபெக்கா படகு விபத்தில் இறந்துவிட்டதாக ஊர் நம்புகிறது. மாளிகையின் ஒவ்வோர் அறையிலும் இறந்தவளின் ஒழுங்கே இன்னும் ஆட்சி செய்கிறது; அந்த ஒழுங்கைக் காவல் காப்பவள் திருமதி டேன்வர்ஸ் என்னும் வீட்டு மேற்பார்வையாளர். நூலுக்குப் பெயர் தந்த ரெபெக்கா கதையில் ஒரு முறைகூட உயிரோடு வருவதில்லை. கதை சொல்லும் பெண்ணுக்கோ 27 அத்தியாயங்களிலும் பெயரே தரப்படுவதில்லை.

நடை மெதுவாக இருக்கிறது என்பதே முதல் குறையாக எழுந்தது. சென்னையிலிருந்து கப்பலேறி வந்த மாத நாவல்களைப் படித்து வளர்ந்தவர்கள் எங்களில் பலர். பத்தாம் பக்கத்துக்குள் ஒரு பிணம் விழ வேண்டும், கடைசிப் பக்கத்தில் குற்றவாளி பிடிபட வேண்டும் என்ற பழக்கம் எங்களுக்கு ஊறிப்போனது. இங்கே, மூடுபனியில் ஒரு கப்பல் தரை தட்டி, அதைப் பார்க்க இறங்கிய முக்குளிப்பவர் கடலடியில் ரெபெக்காவின் படகையும் அதன் அறைக்குள் ஓர் எலும்புக்கூட்டையும் காணும்போது, நூலில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. அதுவரை மேசையில் பூ எங்கே வைப்பது, இன்றைய சமையல் பட்டியலுக்கு யார் ஒப்புதல் தருவது, தொலைபேசி மணி அடித்தால் என்ன பேசுவது என்பவைதான் நிகழ்ச்சிகள். சலித்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிறு நிகழ்ச்சிகளுக்குள்தான் இந்த நாவலின் அச்சம் குடியிருக்கிறது. காலையில் கடிதம் எழுத உட்காரும் மேசையில் இறந்தவளின் கையெழுத்து இருக்கிறது. மழைக்காக எடுத்து மாட்டிக்கொண்ட மேலங்கியின் பையில் அவளுடைய கைக்குட்டை இருக்கிறது. தொலைபேசியில் “திருமதி டி விண்டரா?” என்று கேட்கும் குரலுக்கு, “அவர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது” என்று அந்தப் பெண் தன்னை மறந்து பதில் சொல்லிவிடுகிறாள். தன் வீட்டில் தான் யார் என்று தெரியாத ஒருத்தியின் மனநிலையை இதைவிடக் கூர்மையாகக் காட்ட எந்தக் கொலைக்காட்சியாலும் முடியாது.

எங்கள் ஊர் வாசிப்பு வேறு ஊர்களின் வாசிப்பிலிருந்து பிரிவது இதற்குப் பின்னர்தான். ரப்பர் காலத்தில் தோட்டம்தோறும் குன்றின்மேல் ஒரு துரை பங்களா இருந்தது. கீழே தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் இருந்தன. எங்கள் குழுவில் பாதிப்பேருடைய தாயோ பாட்டியோ அந்தப் பங்களாக்களில் சமையல்காரராகவோ ஆயாவாகவோ வேலை பார்த்தவர்கள். அவர்கள் அந்த வீட்டை அறிந்தது பின்வாசல் வழியாகத்தான். எனவே மாண்டர்லியின் முகப்பு மண்டபத்தில் நாவல் நம்மை நிறுத்திவைத்தபோது, இவர்களின் கண் தாமாகவே சமையலறைப் பக்கம் திரும்பியது.

பீங்கான் சிலை உடையும் அத்தியாயம் இதற்குச் சிறந்த சான்று. புதிய மனைவி தற்செயலாக விலையுயர்ந்த சிறு சிலை ஒன்றை உடைத்துவிட்டு, பயத்தில் துண்டுகளை மேசை இழுப்பறைக்குள் ஒளித்து வைக்கிறாள். பழி ராபர்ட் என்னும் இளம் பணியாளன்மீது விழுகிறது. அவன் அழும் நிலைக்குப் போன பிறகே அவள் கணவனிடம் உண்மையைச் சொல்கிறாள். பொதுவாக இந்தக் காட்சியைப் படிப்பவர்கள் அவளுடைய கூச்சத்துக்காக இரங்குவார்கள். எழுத்தாளரும் அதைத்தான் எதிர்பார்க்கிறார். பங்களாவில் வேலை பார்த்த தாயின் மகளான ஓர் அக்காள் மட்டும் என்னிடம் சொன்னார்: “தம்பி, அந்தப் பொண்ணு பாவம்னு எல்லாரும் சொல்றீங்க. ராபர்ட்டுக்கு அன்னிக்கு வேல போயிருந்தா என்ன பண்ணியிருப்பான்? அத ஒருத்தரும் கேக்கலியே.” கதை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்பது உண்மைதான். மாலைத் தேநீருக்காக மேசை நிறையப் பரப்பப்படும் பலகாரங்களில் பெரும்பகுதி தீண்டப்படாமல் திரும்பிப் போவதைக் கண்டு, பட்டினி கிடக்கும் ஒரு குடும்பம் ஒரு வாரம் உண்ணலாமே என்று கதைசொல்லி வருந்துகிறாள். ஆனால் அவை எங்கே போகின்றன என்று டேன்வர்ஸிடம் கேட்கத் துணிவதில்லை. எங்கள் குழுவில் அந்தப் பத்தியைப் படித்தவர்களுக்கு விடை தெரிந்திருந்தது. மிச்சம் எங்கே போனது, எதைக் கொண்டுபோக அனுமதி இருந்தது, எதைத் தொட்டால் வேலை போகும் என்பதெல்லாம் அவர்கள் வீடுகளில் பேசப்பட்டு வந்த கதைகள்.

திருமதி டேன்வர்ஸைப் பற்றியும் கருத்து இரண்டாகப் பிரிந்தது. இளையவர்களுக்கு அவள் ஓர் அரக்கி. மாறுவேட விருந்துக்கு முந்தைய நாள்களில், மாளிகைச் சுவரில் தொங்கும் முன்னோர் ஓவியம் ஒன்றில் உள்ள வெண்ணிற ஆடையைப் போலவே தைத்து அணியும்படி புதியவளுக்கு ஆலோசனை சொல்பவள் அவளே. முந்தைய விருந்தில் ரெபெக்கா அணிந்ததும் அதே ஆடைதான் என்பதை மறைத்தவளும் அவளே. விருந்துக்கு மறுநாள் காலையில், அந்த ஆடையால் நேர்ந்த அவமானத்தில் துவண்டிருக்கும் பெண்ணைத் திறந்த சன்னலருகே நிறுத்தி, குதித்துவிடு என்று காதோடு சொல்லும் அந்தப் பக்கங்கள் நூலின் உச்சம் என்பதில் எங்களுக்குள் இரண்டாவது கருத்தே இல்லை. மூத்த வாசகர்கள் வேறொன்றையும் பார்த்தார்கள். ரெபெக்காவைச் சிறு வயதிலிருந்து வளர்த்து, அவளோடு மணவீட்டுக்கும் வந்து, சொந்தமென்று வேறு ஒருவரும் இல்லாமல் அந்த ஒருத்திக்காகவே வாழ்ந்தவள் டேன்வர்ஸ். வளர்த்த பிள்ளை இறந்த துக்கம் ஆறுவதற்குள் இன்னொருத்தியை ‘அம்மா’ என்று அழைத்துக் கட்டளை கேட்கச் சொன்னால் அவள் என்ன ஆவாள் என்று அவர்கள் கேட்டார்கள். அவளுடைய கொடுமையை இது நியாயப்படுத்தாது. ஆனால் நாவலில் இழந்தவருக்காக உண்மையாகத் துக்கப்படுபவள் அவள் ஒருத்தியே என்ற அவர்களின் கருத்தை என்னால் மறுக்க முடியவில்லை.

மிகக் கடுமையான வாக்குவாதம் மாக்சிமின் வாக்குமூலத்தைப் பற்றியது. ரெபெக்காவை ஒரு நாளும் தான் நேசித்ததில்லை என்றும், வேறொருவனின் பிள்ளையை மாண்டர்லியின் வாரிசாக வளர்க்கப் போவதாக அவள் சொல்லிச் சீண்டியபோது கடற்கரைக் குடிலில் அவளைச் சுட்டுக் கொன்று, உடலைப் படகில் ஏற்றி மூழ்கடித்ததாகவும் அவர் மனைவியிடம் சொல்கிறார். அதைக் கேட்ட பெண்ணின் மனத்தில் முதலில் எழுவது திகிலா? இல்லை. கணவர் ரெபெக்காவை நேசிக்கவில்லை என்ற செய்தியில் அவள் விடுதலை அடைகிறாள்; கொலை என்பது அவளுக்கு இரண்டாவது செய்திதான். அதற்கு மேல் நாவலின் பதற்றம் முழுவதும் இந்த மனிதர் பிடிபடாமல் தப்ப வேண்டுமே என்பதாக மாறிவிடுகிறது. வாசகரும் அறியாமலே அதற்குத் துணை போகிறார். எங்கள் குழுவின் இளம் பெண்கள் புத்தகத்தை மூடி வைத்தது இந்த இடத்தில்தான். வயதில் ஏறத்தாழ இரு மடங்கு மூத்த ஒருவர், தன்னைச் சார்ந்தே வாழ வேண்டிய பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவளைக் குழந்தைபோல் நடத்தி, கடைசியில் தன் குற்றத்துக்கும் அவளைக் கூட்டாளியாக்குகிறார் என்பது அவர்கள் வாதம். ரெபெக்கா கெட்டவள் என்பதற்குக் கொன்றவரின் சொல்லைத் தவிர என்ன சான்று இருக்கிறது என்றும் அவர்கள் கேட்டார்கள்.

இந்தக் கேள்விக்கு நூலுக்குள்ளேயே ஓரளவு பதில் உண்டு. கடற்கரையில் திரியும் பென் என்னும் மனவளர்ச்சி குன்றியவன், தன்னை மனநல விடுதியில் அடைத்துவிடுவதாக மிரட்டிய உயரமான பெண் ஒருத்தியை எண்ணி நடுங்குகிறான். அவனுக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ரெபெக்கா எல்லா ஆண்களையும் ஏளனம் செய்து சிரித்தவள் என்று டேன்வர்ஸே பெருமையாகச் சொல்கிறாள். ஆயினும் ஒருத்தி கொடியவள் என்று நிறுவுவது அவளைக் கொன்றதற்கு விடையாகாது. டு மோரியர் இதை அறிந்தே எழுதினார் என்பது என் துணிபு. கதை சொல்பவள் தன் மகிழ்ச்சியை மறைக்காமல் ஒப்புக்கொள்ளும் அந்தப் பத்திகளில், பொறாமை ஒரு நல்ல பெண்ணின் மனச்சாட்சியை எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பதை அவர் அப்பட்டமாக வைத்துவிடுகிறார். இதைப் பொறாமை பற்றிய நூலாகவே அவர் கருதினார். காதல் கதை என்ற முத்திரை அவருக்கு உவப்பானதாக இல்லை. படைத்துறையில் இருந்த கணவரோடு எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்தபோது, இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வாலை ஏங்கி நினைத்துக்கொண்டு அவர் தொடங்கிய எழுத்து இது. கார்ன்வாலில் அவர் மனத்தைப் பறிகொடுத்த மெனபிலி என்னும் பழைய மாளிகையே மாண்டர்லிக்குத் தூண்டுதல். 1943-இல் அதையே அவர் குத்தகைக்கு எடுத்துக் குடியேறினார் என்பது நூலை விரும்புபவர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

நூலில் எனக்கு மெய்யான குறையாகப் படுவது வேறு. பிற்பகுதியில் தற்செயல்கள் மிகுதி. விருந்துக்கு மறுநாளே கப்பல் தரை தட்டுகிறது; ரெபெக்கா இரகசியமாகச் சென்று பார்த்த இலண்டன் மருத்துவரின் குறிப்பேடு மாக்சிமைக் காப்பாற்றுவதற்கு மிகச் சரியான தருணத்தில் திறக்கிறது. விசாரணைக் காட்சிகள் விறுவிறுப்பானவை, ஆனால் அவற்றில் சட்டமும் நடுவரும் நிலக்கிழாரின் பக்கம் சாய்ந்திருப்பதை எழுத்தாளர் காட்டிவிட்டு, அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் கடந்துவிடுகிறார். இறுதியில் மாண்டர்லி தீக்கிரையாகிறது. அந்த வீட்டுக்காக மனம் கலங்கியவர்கள் எங்களில் உண்டு, நானும் கலங்கினேன். தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது லயத்திலிருந்து வெளியேறிய குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரோ, அந்த முதிய பணியாளர் ஃபிரித்தும் ராபர்ட்டும் அன்றிரவு எங்கே போனார்கள் என்று கேட்டார். வேலை போகும் நாளிலேயே கூரையும் போய்விடும் வாழ்க்கையை அறிந்தவரின் கேள்வி அது. கதை அவர்களைத் தேடிப் போவதில்லை.

ஆங்கிலம் கடினமா என்று கேட்பவர்களுக்கு: உரையாடல்கள் எளியவை, வருணனைகள் நீண்டவை. பூக்களின் பெயர்களுக்காக அகராதியைத் திறந்து நேரத்தைச் செலவிட வேண்டாம். வாசலுக்குச் செல்லும் பாதையின் இரு மருங்கிலும் மதில்போல் நிற்கும் இரத்தச் சிவப்புப் பூக்கள் அவளை அச்சுறுத்துகின்றன என்று புரிந்தால் போதும். முதல் இரண்டு அத்தியாயங்கள் எல்லாம் முடிந்த பிறகான காலத்தைச் சொல்வதால் முதல் வாசிப்பில் குழப்பும். நூலை முடித்ததும் அவற்றுக்குத் திரும்பிச் சென்று மறுபடி படித்தால், அயல்நாட்டு விடுதிகளில் மாக்சிமும் அவளும் வாழும் அந்த வாழ்க்கை காதலின் வெற்றியா தண்டனையா என்ற ஐயம் எழும்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி, சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்ற 1940-ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பலர் முதலில் பார்த்துவிடுகிறார்கள். நூலை முதலில் படியுங்கள் என்பதே என் வேண்டுகோள். அக்காலத்து அமெரிக்கத் திரைத்துறையின் ஒழுக்க நெறிமுறை, கொலை செய்தவர் தண்டனையின்றித் தப்புவதை அனுமதிக்கவில்லை. எனவே படத்தில் ரெபெக்கா விழுந்து தலையில் அடிபட்டு இறந்துபோகிறாள், மாக்சிம் அதை மறைத்தவராக மட்டுமே ஆகிறார். படம் அழகானது, டேன்வர்ஸாக வரும் ஜூடித் ஆண்டர்சன் மறக்க முடியாதவர். ஆனால் எங்கள் குழுவை இத்தனை மாலைகள் வாதாட வைத்த அந்தக் கேள்வி, படத்தைப் பார்ப்பவர்களுக்கு எழுவதற்கே வழியில்லாமல் போய்விடுகிறது.