உப்பிலிருந்து சாலரி வரை: எட்டிம்ஆன்லைனோடு ஆறு வருஷம்

பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். டக்ளஸ் ஹார்ப்பர் உருவாக்கிய எட்டிம்ஆன்லைன் என்ற சொற்பிறப்பு அகராதியை ஆறு வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அதைத் தேட வைத்தது ஒரு பையனின் கேள்வி. ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பைத்தான் கூலியாக அளந்தார்கள், அதனால்தான் 'சாலரி' என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தேன். ஆறுமுகநேரிப் பையன் அவன். அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. "எங்கம்மாவுக்கே ரூபாயாத்தான் சார் கொடுக்காவ. வெறும் உப்ப வச்சு அவங்க என்ன செய்வாவ?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு தேடினேன். லத்தீனில் 'சால்' என்றால் உப்பு. அதிலிருந்து 'சாலாரியும்', அதாவது படியாகக் கொடுக்கும் பணம். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இவ்வளவும் உறுதி. உப்பு வாங்கக் கொடுத்த காசு என்பதை மட்டும் 'என்று சொல்லப்படுகிறது' என்ற அளவிலேயே அகராதி நிறுத்திக்கொள்கிறது. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி இந்தச் சொல்லை உப்போடு சேர்த்துப் பேசியிருக்கிறார். ஆனால் உப்பையே கூலியாக அளந்ததற்குப் பழைய சான்று கிடையாது. மறுநாளே வகுப்பில் திருத்திச் சொன்னேன். நம் 'சம்பளம்' சம்பாவும் (நெல்) அளமும் (உப்பு) சேர்ந்தது என்பதையும் அன்றிலிருந்து 'அப்படிச் சொல்வார்கள்' என்றுதான் சொல்கிறேன்.

இந்த அகராதி பழகக் கொஞ்ச நாள் ஆகும். அதில் நட்சத்திரக் குறி போட்ட வடிவம் எந்த ஏட்டிலும் கிடைத்ததல்ல. உறவு மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்த வேர். ஆரம்பத்தில் அதை லத்தீன் என்றே நினைத்திருந்தேன். உப்புக்கான அப்படிப்பட்ட வேரைத் தொட்டால் சாலட், சாஸ், சாசேஜ், சலாமி என்று ஒரு குடும்பமே வந்து நிற்கும். உப்பிட்டது என்பதுதான் சாலட்டின் பழைய பொருள்!

எல்லாவற்றையும் லத்தீனில் கொண்டுபோய்ச் சேர்க்காத நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தீவைக் குறிக்கும் 'ஐல்' லத்தீன் வழி வந்தது. 'ஐலண்ட்' பழைய ஆங்கிலச் சொல். 'ஐல்' போலவே இருக்கட்டும் என்று நடுவில் ஒரு 'எஸ்'ஸைப் பிறகு சேர்த்துவிட்டார்கள். ஒலிக்காத அந்த எழுத்தால் மார்க் இழந்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபின் ஸ்பெல்லிங் மறப்பதில்லை.

அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். போன வாரம் போன் செய்தான்: "சார், ஆஸ்பத்திரில ஏத்துற சலைனும் நம்ம 'சால்'தான், பாத்துட்டேன்."