'குறைந்தபட்சத் தேவை' என்ற மூன்று வரியை நம்பி ஏபிஎம் மென்பொருள் வாங்கிவிடாதீர்கள்

செயலிகளின் வேகத்தையும் தடுமாற்றத்தையும் கண்காணிக்கும் ஏபிஎம் மென்பொருள் வாங்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் போட்டுவிட்டுப் படித்தவன்.

விற்பனையாளர் கொடுத்த தாளில் சர்வர் தேவை மூன்றே வரி: 4 கோர், 16 ஜிபி ரேம், 500 ஜிபி டிஸ்க். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில், '30 நாள் வரலாறு எப்போதும் உங்கள் கையில்'. டெமோவில் வரைபடங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. அவர்கள் அங்கே கண்காணித்தது யாருமே பயன்படுத்தாத ஒரு மாதிரிச் செயலியை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஓர் ஆண்டு உரிமத்துக்கு முழுத் தொகையையும் கட்டினோம்.

முதல் நாளே சர்வர் எழும்ப மறுத்தது. உள்ளே தரவைச் சேமிப்பது எலாஸ்டிக்சர்ச். அதற்கு லினக்ஸில் 'மேக்ஸ் மேப் கவுன்ட்' என்ற மதிப்பு (ஒரு நிரல் எத்தனை நினைவகப் பகுதிகளை வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு) குறைந்தது 262144 இருக்க வேண்டும்; எங்கள் சர்வரில் இருந்தது 65530. ஒரு வரியை மாற்றினால் தீர்ந்துவிடும். அந்த ஒரு வரிதான் தாளில் இல்லை. அரை நாள் போனது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ஓடத் தொடங்கியது, வெள்ளிக்கிழமை விடியற்காலை 2 மணிக்குத் திரை வெறுமையாகிவிட்டது. டிஸ்க் 95 சதவீதம் நிரம்பினால் எலாஸ்டிக்சர்ச் புதிதாக எதையும் எழுதவிடாமல் பூட்டிக்கொள்ளும். தற்காப்புக்காக அது செய்வது சரிதான். ஆனால் 30 நாளுக்கு என்று சொன்ன டிஸ்க் நாலு நாளில் எப்படி நிரம்பும்?

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்களுக்கு நொடிக்குச் சராசரியாக 200 கோரிக்கைகள் வருகின்றன. ஒவ்வொன்றும் தரவுத்தளம், கேச், வெளிச் சேவை என்று பல இடங்களைத் தொட்டு வருவதால் 15 ஸ்பான்களை, அதாவது ஒவ்வொரு படியும் எவ்வளவு நேரம் எடுத்தது என்ற பதிவுகளை, விட்டுச் செல்கிறது. ஆக நொடிக்கு 3000. ஒரு ஸ்பான் டிஸ்கில் அரை கேபி இடத்தைப் பிடித்தால் நொடிக்கு 1.5 எம்பி, நாளுக்கு ஏறத்தாழ 130 ஜிபி. 30 நாளுக்கு 4 டிபியை நெருங்குகிறது. பாதுகாப்புக்கு ஒரு நகல் வைத்தால் அதுவும் இரட்டிப்பு. எலி பிடிக்க வாங்கிய பூனைக்குத் தனி வீடு கட்டச் சொல்கிறார்கள்.

புகார் செய்தபோது உதவிக் குழுவில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி: "சார், உங்களுக்கு நொடிக்கு எத்தனை ஸ்பான் வருகிறது?" விற்க வந்தவர் ஒருமுறைகூட இதைக் கேட்கவில்லை. பிறகு அந்த உதவிக் குழுக்காரரே ஓர் 'அளவீட்டு வழிகாட்டி'யை அனுப்பினார். எங்கள் அளவுக்கு அதில் போட்டிருந்தது 3 சர்வர்கள், ஒவ்வொன்றிலும் 64 ஜிபி ரேம், எஸ்எஸ்டி டிஸ்க். இப்படி ஓர் ஆவணம் அவர்களிடம் முதலிலிருந்தே இருந்திருக்கிறது. என்னை எரிச்சலூட்டியது இதுதான். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஜாவா செயலி 2 ஜிபி நினைவக வரம்புள்ள கன்டெய்னர் என்ற தனி அடைப்புக்குள் ஓடுகிறது, அதில் 1.5 ஜிபி ஹீப், அதாவது ஜாவா தன் தரவை வைக்கும் நினைவகம். செயலிக்குள் உட்கார்ந்து அளவெடுக்கும் அவர்களுடைய ஏஜென்டைச் சேர்த்ததும் ஹீப்புக்கு வெளியே நினைவகம் கூடி, வரம்பைத் தாண்டி, கன்டெய்னர் 137 என்ற பிழை எண்ணோடு (வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டதன் அடையாளம்) செத்து விழுந்தது. ஒரே மாலையில் மூன்று முறை. ஏஜென்டுக்கும் ரேம் வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு சொல் கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார்கள்: 'குறைந்தபட்சத் தேவை என்பது நிறுவுவதற்கு மட்டுமே.' பொடி எழுத்து. எங்கள் கையெழுத்து அதற்கு நேர் மேலே.

இப்போது யார் வந்தாலும் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்கிறேன்: எங்கள் ஸ்பான் எண்ணிக்கைக்கு ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி, ஏஜென்ட் எவ்வளவு ரேமும் எத்தனை சிபியு கோர்களும் எடுக்கும், டிஸ்க் நிரம்பினால் பழையது தானாக அழியுமா, எங்கள் உண்மையான போக்குவரத்தில் இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்க விடுவார்களா. கடைசிக் கேள்விக்குப் பிறகு இருவர் திரும்ப அழைக்கவில்லை.

பழைய ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கூடுதல் சர்வர் வாங்க வழியில்லாததால், பத்துக் கோரிக்கைகளில் ஒன்றை மட்டும் பதிவு செய்யும்படி மாற்றி, 500 ஜிபிக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நேற்று ஒரு வாடிக்கையாளருக்குப் பணம் செலுத்தும் பக்கம் நாற்பது நொடி தொங்கியது. தேடிப் பார்த்தேன். அது பதிவாகாத ஒன்பதில் ஒன்று.