பிஹாப்சிம் மென்பொருள்: மீனின் தேவைக்கும் ஒரு கணக்கு

அணையிலிருந்து ஆற்றுக்கு எவ்வளவு நீர் விடுவது என்று பேச உட்காரும்போது, மின் உற்பத்தித் தரப்பினர் யூனிட் கணக்கோடும் குடிநீர்த் தரப்பினர் லிட்டர் கணக்கோடும் வருகிறார்கள்; மீனுக்காகப் பேசுபவரிடம் மட்டும் எண் ஏதும் இருப்பதில்லை. அந்தக் குறையைப் போக்க, 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவைத் துறையில் உருவான மென்பொருள்தான் பிஹாப்சிம். பின்னர் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் இதன் விண்டோஸ் வடிவத்தை இலவசமாகவே வழங்கியது.

இதைப் பயன்படுத்த, முதலில் ஆற்றின் குறுக்கே அளவுநாடா கட்டி, சில அடிக்கொரு முறை ஆழத்தையும் நீரின் வேகத்தையும், அடியில் கிடப்பது மணலா கூழாங்கல்லா பாறையா என்பதையும் பதிய வேண்டும். முட்டையிடும் மீன், குஞ்சு, வளர்ந்த மீன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இவை எவ்வளவு உகந்தவை என்பதை 0 முதல் 1 வரையிலான எண்ணாகக் கொடுத்தால், எந்த அளவு நீரோட்டத்தில் எவ்வளவு பரப்பு மீனுக்குப் பயன்படும் என்பது வளைகோடாகக் கிடைக்கிறது. நீர் கூடக் கூட மீனுக்கு நல்லது என்ற எண்ணத்தை அந்தக் கோடு திருத்திவிடுகிறது. குஞ்சுகளுக்கான கோடு பெரும்பாலும் குறைந்த நீரிலேயே உச்சம் தொட்டு இறங்கிவிட, வளர்ந்த மீனுக்கான கோடு அதன் பிறகும் ஏறிக்கொண்டிருக்கும். இதற்கு மாற்றாக, 1976-இல் வெளிவந்த டென்னன்ட் முறை, ஆற்றில் விட வேண்டிய நீருக்கு ஆண்டுச் சராசரி நீரோட்டத்தில் 10, 30, 60 விழுக்காடு என்று படிநிலைகளை வகுத்துத் தருகிறது. விரைவாகக் கணக்கிடலாம் என்றாலும், சற்றுக் குறைத்தால் எந்த மீன் எதை இழக்கும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. பிஹாப்சிமில் இருக்கிறது, அதனாலேயே பேச்சுவார்த்தைக்கு இது உதவுகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. கோடு காட்டுவது பரப்பைத்தானே தவிர மீன்களின் எண்ணிக்கையை அல்ல. அணையின் அடிமட்டத்திலிருந்து வரும் குளிர்ந்த நீரின் வெப்பநிலையோ, அதில் கரைந்துள்ள ஆக்சிஜனோ இக்கோட்டில் இடம்பெறுவதில்லை. வேறொரு ஆற்றில் தயாரித்த உகந்தமை எண்களை அப்படியே எடுத்துப் போட்டால், கோடு அழகாக வரும், ஆனால் பொருளற்றதாக இருக்கும். எனக்கு மிகவும் கவலை தருவது, ஒவ்வொரு நீரோட்டத்தையும் இது நிலையானதாகக் கொள்வதுதான். மாலையில் மின் தேவை ஏறும்போது சுழலிகளை ஓட்டி இரவில் சட்டென நிறுத்தினால், சரளை மேட்டில் கற்களுக்கிடையே கையளவுக் குட்டை தங்கிவிடும். அதில் சிக்கிய குஞ்சுகள் விடிவதற்குள் மூச்சுத் திணறிச் செத்துக் கிடக்கும். அந்த இழப்பு இந்தக் கோட்டில் தெரியாது. நீரை எவ்வளவு மெதுவாகக் குறைக்க வேண்டும் என்பதைத் தனியாகத்தான் வரையறுக்க வேண்டும்.

ஆகவே, கோட்டின் உச்சத்தை மட்டும் எடுத்து அறிக்கையில் எழுத நினைப்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வறண்ட ஆண்டு ஒன்றின் அன்றாட நீரோட்டப் பதிவை இதனுடன் இணைத்து, முட்டையிடும் பரப்பு எந்த மாதத்தில் மிகவும் சுருங்குகிறது என்று பார்த்து, அந்த மாதத்திலிருந்து பேச்சைத் தொடங்க விரும்புபவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம்.