கோடியக்கரைக்கு ஒரு முழு நாள் கொடுங்கள்

நாகப்பட்டினம் பக்கம் வருகிறவர்கள் பெரும்பாலும் வேளாங்கண்ணியும் நாகூரும் பார்த்துவிட்டு, பொழுது மிச்சமிருந்தால் கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்துக்கு ஓர் எட்டு போகலாம் என்று கிளம்புகிறார்கள். உச்சி வெயிலில் வந்து இறங்கினால் மான் எல்லாம் நிழலுக்குள் போயிருக்கும். "அங்கே ஒன்றுமே இல்லை" என்று ஊரில் போய்ச் சொல்லிவிடுவார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

நாங்கள் தை மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். முதல் நாள் இரவே வேதாரண்யத்தில் தங்கிவிட்டோம். அறை சுத்தம்தான், ஆனால் விடியற்காலையில் வெளிக்கதவைத் திறக்க ஆள் எழுந்து வருவதற்குள் கிழக்கு வெளுத்துவிட்டது. எங்கே தங்கினாலும் முன்னிரவே சொல்லி வையுங்கள். அந்த முதல் வெளிச்சம் இங்கே அவ்வளவு முக்கியம்.

ஏனென்றால் வெளிமான்கள் அப்போதுதான் புல்வெளிக்கு வருகின்றன. இந்தச் சரணாலயம் 1967இல் அமைந்ததே முக்கியமாக இவற்றுக்காகத்தான். பெண் மான்கள் மணல் நிறத்தில், கொம்பில்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. சற்றுத் தள்ளி ஒரு கிடா. முதுகு நல்ல கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். முறுக்கிய கொம்பு முதுகைத் தொடும்படி தலையை நிமிர்த்திக்கொண்டு, மந்தையைச் சுற்றி மெல்ல நடந்தது. எங்கள் வண்டிக் கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் மந்தை கலைந்தது. ஓடும்போது நாலு காலும் தரையை விட்டு எழும்ப ஒவ்வொன்றாகத் துள்ளிப் போயின. அம்மா, "கதவை மெதுவா சாத்தக் கூடாதாடா?" என்று கடிந்துகொண்டார். சரியான பேச்சு. இங்கே சத்தம் போடாதவருக்குத்தான் காடு தன்னைக் காட்டும்.

அதே வெளியில் மட்டக் குதிரைகளும் மேய்கின்றன. யாரோ எப்போதோ விட்டுப்போனவற்றின் வம்சம். பார்க்க அழகுதான், ஆனால் மானுக்கான புல்லிலும் தண்ணீரிலும் பங்கு கேட்கின்றன. சீமைக் கருவேலம் வேறு புல்வெளியைத் தின்றுகொண்டே வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஏராளமான மான்கள் மடிந்தன, மரங்கள் சாய்ந்தன. அதற்குப் பிறகும் இத்தனை துள்ளுவதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

பூநாரைகளுக்குத் தொலைநோக்கி கட்டாயம். சதுப்பில் தூரத்தில் வெளுத்த கோடாக நிற்கும். பறந்தால்தான் இறக்கைக்குள்ளிருந்து அந்தச் சிவப்பு வெளிப்படும். ஐப்பசியிலிருந்து தை வரை வலசைப் பறவைகளுக்கான காலம். மழை விட்ட மறுநாள் என்றால் மண்பாதை சேறாக இருக்கும், செருப்பை யோசித்துப் போடுங்கள்.

ராமர் பாதம் சின்ன மண்டபம்தான், ஆனால் இந்தப் பகுதியிலேயே மேடான இடம். சுற்றிலும் காடு தெரியும். குழகர் கோயிலில் அம்மா நிறைய நேரம் உட்கார்ந்திருந்தார். கடற்காற்று வந்து மோதும் கரையில் பக்கத்தில் குடிகளே இல்லாமல் தனியாக இருக்கிறாயே என்று சுந்தரர் இறைவனிடம் கேட்ட ஊர் இது. அந்தக் காற்று இன்றும் அப்படியே அடிக்கிறது. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் கலங்கரை விளக்கத்தில் எஞ்சியிருந்த கட்டுமானத்தை 2004 ஆழிப்பேரலை உடைத்துவிட்டது. பழைய படத்தைப் பார்த்துவிட்டு முழுக் கோபுரத்தைத் தேடிப் போகாதீர்கள்.

திரும்பும்போது அகத்தியம்பள்ளியில் வண்டியை நிறுத்துங்கள். ராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட தொண்டர்கள் நடந்தே வந்து, 30ஆம் தேதி உப்பு அள்ளிய இடம்; நினைவுத் தூண் இருக்கிறது. சாலையோரம் இன்றும் உப்பளங்கள்தான். ஒரு பாத்தியில் ஒருவர் நீளமான கழியில் பொருத்திய மரப்பலகையால் உப்பை வரப்புப் பக்கம் இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் கண்ணாடித்தூள் உரசுகிற மாதிரி ஒரு சத்தம். தூணை மட்டும் படமெடுத்துக்கொண்டு கிளம்பாமல், அவர்கள் வெயிலில் நிற்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

சாப்பாட்டுக்குக் கோடியக்கரையை நம்ப வேண்டாம். காலைக்கு இட்லியும் தேவையான தண்ணீரும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். மதியம் வேதாரண்யம் வந்து மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ மறுபடியும் காட்டுக்குள் போகலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். சாயங்காலம் ஒரு நரி பாதையைக் கடந்து போனது.